வழிப்பறி வழக்கில் சிக்கியவருக்காக: நீலகிரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

நீலகிரியில் கொள்ளை வழக்கு என்றதும் 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் நடந்ததுதான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. ஆனால் உதகை, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் நீதிமன்றங்களில் வாய்தாவுக்காகக் காத்து நிற்கும் குடும்பங்களின் வழக்குகள் வேறு அளவிலானவை. பேருந்து நிறுத்தத்தில் பறிபோன செல்பேசி, தேயிலைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் அறுபட்ட சங்கிலி, மதுக்கடை வாசலில் கைகலப்புக்குப் பின் காணாமல் போன ஆயிரம் ரூபாய் என்று அவை தொடங்குகின்றன. பறிபோனது சிறிய தொகை என்பதால் தண்டனையும் சிறியதாக இருக்கும் என்று குடும்பத்தார் நினைத்துவிடுகிறார்கள். வழிப்பறிக்கான தண்டனை பறித்த பொருளின் மதிப்பைப் பொறுத்ததல்ல, பறித்த விதத்தைப் பொறுத்தது. வக்கீலைப் பார்க்கும்வரை என்ன செய்ய வேண்டும், பார்த்தபின் அவர் கையில் எவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பதே இங்கு பேச்சு.

எந்தப் பிரிவு என்பதை முதலில் பாருங்கள்

2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவங்களுக்குப் பழைய ஐ.பி.சி. பொருந்தாது, பாரதிய நியாய சன்ஹிதா என்னும் பி.என்.எஸ். பொருந்தும். பழைய 392, 394, 397 ஆகிய எண்களையே நீதிமன்ற வளாகத்தில் இன்னும் பலர் சொல்லிக்கொண்டிருப்பதால், முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கையில் வாங்கி எண்ணை நீங்களே பாருங்கள். அந்த அறிக்கையை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இணைப்பு கிடைக்காத நிலப்பகுதிகளுக்கு மட்டும் அதிகபட்சம் 72 மணி நேரம் வரை சலுகை கொடுத்தது. மலை மாவட்டம் என்பதற்காக அதற்கு மேலும் காத்திருக்கத் தேவையில்லை; நீதித்துறை நடுவரிடம் மனுக் கொடுத்தும் நகல் பெறலாம்.

பி.என்.எஸ். 303 திருட்டு, 304 பறிப்பு. இரண்டுக்கும் பொதுவாக மூன்றாண்டு வரை சிறை. 309-ஆம் பிரிவு வழிப்பறி. அதற்குப் பத்தாண்டு வரை கடுங்காவல். சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் பதினான்கு ஆண்டு வரை. வழிப்பறியின்போது காயம் ஏற்படுத்தியதாக 309-இன் ஆறாம் உட்பிரிவைச் சேர்த்துவிட்டால் ஆயுள் தண்டனை வரை போகும். ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் சேர்ந்து செய்தால் அது 310-ஆம் பிரிவின்படி கூட்டுக்கொள்ளை. கொடிய ஆயுதத்தைப் பயன்படுத்தினாலோ கொடுங்காயம் விளைவித்தாலோ 311-ஆம் பிரிவு வரும். அதில் ஏழாண்டுக்குக் குறைத்துத் தண்டனை வழங்க நீதிபதிக்கே அதிகாரம் இல்லை.

திருட்டுக்கும் வழிப்பறிக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு கருத்துத்தான். திருடுவதற்காகவோ, திருடும்போதோ, திருடிய பொருளை எடுத்துச் செல்வதற்காகவோ காயப்படுத்தியிருக்க வேண்டும், தடுத்து நிறுத்தியிருக்க வேண்டும் அல்லது உடனடி ஆபத்து என்ற அச்சத்தை ஊட்டியிருக்க வேண்டும். அதுவும் அந்த நோக்கத்துக்காகவே செய்திருக்க வேண்டும். குடிபோதையில் இரண்டு பேர் அடித்துக்கொள்கிறார்கள், ஒருவருடைய செல்பேசி கீழே விழுகிறது, சண்டை ஓய்ந்தபின் மற்றவர் அதை எடுத்துக்கொண்டு நடந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடித்தது ஒரு குற்றம், எடுத்தது இன்னொரு குற்றம். எடுப்பதற்காக அடிக்கவில்லை என்பதால் அது வழிப்பறி ஆகாது என்று வாதாட இடமுண்டு. ஆனால் 'கத்தியைக் காட்டி மிரட்டி, சட்டைப் பையிலிருந்த ஆயிரம் ரூபாயைப் பறித்துக்கொண்டு' என்று ஒரே அச்சில் வார்த்தது போன்ற வாக்கியத்தைப் புகார்களில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. உண்மையில் என்ன வரிசையில் என்ன நடந்தது என்பதை வக்கீலிடம் மறைக்காமல், நிமிடக் கணக்கில் சொல்லுங்கள். மூன்றாண்டுக்கும் பத்தாண்டுக்கும் உள்ள வேறுபாடு அந்த வரிசைக்குள்தான் இருக்கிறது.

கொடுத்த கடனைத் திரும்பக் கேட்கப் போன இடத்தில் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டது போன்ற வழக்குகளும் உண்டு. அங்கே கடன் பத்திரம், பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், இருவருக்கும் இடையே நடந்த வாட்ஸ்அப் பேச்சு ஆகிய எல்லாமே நேர்மையற்ற எண்ணம் இருந்ததா என்ற கேள்விக்குப் பதிலாகும்.

பிடித்துச் சென்ற இரவில்

கைதுக்கான காரணத்தை அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்க வேண்டும் என்பதை 2025-இல் விகான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் அழுத்திச் சொன்னது. பனியர், காட்டுநாயக்கர் போன்ற பழங்குடியினருக்கும், தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்க்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளருக்கும் இது பெயரளவிலான உரிமையாக நின்றுவிடக் கூடாது. என்ன சொல்லப்பட்டது, எந்த மொழியில் சொல்லப்பட்டது என்பதை வக்கீல் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கைது குறிப்பாணையில் உறவினர் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். அப்படிக் கையெழுத்துக் கேட்டால் அதில் எழுதியுள்ள தேதி, நேரம், இடம் மூன்றையும் படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஞாயிறு மாலை வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டவர் திங்கள் விடியற்காலை பேருந்து நிலையத்தில் கைதானதாகத் தாளில் இருந்தால், அந்த இடைவெளி பின்னால் பேசும்.

அந்த இடைவெளிக்குச் சாட்சியம் உண்டாக்குவது குடும்பத்தாரின் பொறுப்பு. முன்பு இதற்குத் தந்தி கொடுப்பார்கள். 2013-இல் தந்திச் சேவை நின்றுபோனது. இப்போது மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் நீதித்துறை நடுவருக்கும் உடனே மின்னஞ்சல் அனுப்பலாம், விரைவுத் தபால் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளலாம், முதல்வரின் 1100 உதவி எண்ணில் புகார் பதிந்து எண் வாங்கிக்கொள்ளலாம். யார் அழைத்துச் சென்றார்கள், எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்ற மூன்றைத் தவிர அதில் வேறெதுவும் வேண்டாம். கோபத்தில் எழுதும் நீண்ட குற்றச்சாட்டு உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம்.

கைதானவர் 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் முன் நிறுத்தப்பட வேண்டும். விசாரணையின்போது தம் வக்கீலைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு, முழு நேரமும் வக்கீல் கூடவே இருக்க முடியாது என்றாலும். தன்னையே குற்றத்துக்கு உள்ளாக்கும் பதிலைச் சொல்லும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்பதை அரசமைப்பின் 20-ஆம் உறுப்பு உறுதி செய்கிறது. காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட வேண்டியதே இல்லை. வெற்றுத்தாளில் போடக் கூடவே கூடாது. நடுவர் முன் நிற்கும்போது உடம்பில் காயம் இருந்தால் அப்போதே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனையில் பதிவாகாத காயத்தை மூன்று மாதம் கழித்துச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லாதவர் அதை ஒரு குறையாக நினைத்து வாய்மூடி நிற்கத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி காவலில் உள்ள எவருக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், பெண்களுக்கும், சிறுவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே இலவச வக்கீல் கிடைப்பார். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உதகையில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். ரிமாண்ட் செய்யும் நாளிலேயே 'எனக்கு வக்கீல் இல்லை' என்று நடுவரிடம் சொன்னால் போதும். கைதானவருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்றால் பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ அன்றே காட்டுங்கள். வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போய்விடும்.

முதல் பத்து நாட்களில் சேர்க்க வேண்டியவை

குற்றப்பத்திரிகை வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பதுதான் நான் பார்த்த தவறுகளில் மிகப் பெரியது. கடைகளில் உள்ள சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில் தானாக அழிந்துவிடும். சம்பவ நேரத்தில் அவர் வேறிடத்தில் இருந்தார் என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சாரும் என்பதால், அதற்கான தாள்களை அவர் சிறையில் இருக்கும்போது குடும்பத்தார்தான் தேட வேண்டும்.

எஸ்டேட் தொழிலாளிக்கு, அன்றாட வருகைப் பதிவேடான செக்ரோல் ஒரு நல்ல சாட்சி. ஒரு பெண்ணின் சங்கிலி பிற்பகல் மூன்றரை மணிக்கு அறுக்கப்பட்டதாகப் புகார் என்றும், அன்று நம் ஆள் ஏழு கிலோமீட்டர் தள்ளி உள்ள மலைச்சரிவில் இலை எடுத்துக்கொண்டிருந்தார் என்றும் வைத்துக்கொள்வோம். செக்ரோலில் அவர் பெயருக்கு நேரே வருகைக் குறி இருக்கும். அது பாதி நாளுக்கா முழு நாளுக்கா என்று பாருங்கள். அதைவிட வலுவானது மாலை நிறுவை: அவர் சாக்கைத் தராசில் வைத்த நேரத்தில் வரிசையில் முன்னும் பின்னும் நின்றவர்கள் யார், அவர் கணக்கில் எத்தனை கிலோ ஏறியது என்ற விவரங்கள். வழக்கமாக முப்பது கிலோ எடுப்பவர் அன்று பன்னிரண்டு கிலோ மட்டும் எடுத்திருந்தால் அதே ஏடு எதிராகவும் திரும்பும் என்பதால், முதலில் பாருங்கள், பிறகு வக்கீலிடம் காட்டுங்கள், அதன்பின் அதை நீதிமன்றத்துக்கு அழைக்கலாமா என்று முடிவு செய்யுங்கள். இண்ட்கோ என்னும் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை கொண்டுபோய்ப் போடும் சிறு விவசாயிக்கும் இதேதான்.

வாகன வழக்குகளில் மலைக்கே உரிய சில பதிவுகள் உண்டு. 2024 மே 7 முதல் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறை உள்ளது. பர்லியார், குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணி போன்ற சோதனைச்சாவடிகளைக் கடந்த வண்டிக்கு எங்காவது ஒரு தடம் இருக்கக்கூடும். பந்திப்பூர் காட்டுச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடப்பட்டிருப்பதால், இரவு பதினொரு மணிக்குக் கூடலூரில் பறித்துவிட்டு அந்த வழியாகவே குண்டலுப்பேட்டைக்குத் தப்பியதாகச் சொல்லும் கதையை அந்த ஒரு நேரமே கேள்விக்குள்ளாக்கும். செல்பேசிக் கோபுர விவரத்தை மட்டும் எச்சரிக்கையுடன் அணுகுங்கள். பள்ளத்தாக்கின் ஒரு பக்கத்தில் நிற்பவருடைய பேசி எதிர்முகட்டுக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது மலையில் சாதாரணம். அது உங்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டாலும் இதே மறுப்பு பொருந்தும், நீங்கள் சொன்னாலும் அரசுத்தரப்பு இதையே சொல்லும்.

சி.சி.டி.வி. பதிவுகளைக் கடைக்காரர் தர மறுத்தால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 94-ஆம் பிரிவின்படி அவற்றை அழிக்காமல் ஒப்படைக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போடலாம். தாமே கொடுத்தால், சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 63-ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழ் இல்லாமல் அந்தப் பென்டிரைவ் பயன்படாது என்பதை நினைவில் வையுங்கள்.

புகார்தாரர் வீட்டுக்குப் போய்ச் சமாதானம் பேசுவது வேண்டவே வேண்டாம். வழிப்பறி சமரசத்துக்கு உரிய குற்றம் அல்ல; நல்லெண்ணத்தோடு போனாலும் சாட்சியை மிரட்டியதாக ஜாமீன் மனுவின் எதிர்ப்புரையில் அது வந்து நிற்கும்.

ஜாமீன்

309-இன் ஆறாம் உட்பிரிவு போல ஆயுள் தண்டனைக்குரிய பிரிவு இருந்தால் நடுவர் பெரும்பாலும் ஜாமீன் தரமாட்டார். உதகை மாவட்ட அமர்வு நீதிமன்றத்துக்கும், அதன்பின் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் போக வேண்டியிருக்கும். முந்தைய வழக்கு இருந்தால் மனுவில் மறைக்காதீர்கள்.

நாள் கணக்கை ஒருவர் நாட்காட்டியில் குறித்தே வைக்க வேண்டும். ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் என்றால் முதல் ரிமாண்டிலிருந்து 90 நாளுக்குள்ளும், மற்றவற்றுக்கு 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். பத்தாண்டு 'வரை' தண்டனை உள்ள குற்றத்துக்கு 60 நாள்தான் என்று ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. புதிய சட்டத்தின் சொற்கள் சற்று மாறியிருப்பதால் அரசுத்தரப்பு 90 என்று வாதிடலாம். எப்படியிருந்தாலும் 61-ஆம் நாள் காலையிலேயே மனுவைக் கொடுத்துவிடுங்கள். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரு சிறு சிராய்ப்புக்கு ஆறாம் உட்பிரிவைச் சேர்ப்பதால் 60 நாள் 90 ஆகிறது என்பதையும், அதனால் காயச் சான்றிதழை நுணுகிப் படிக்க வேண்டும் என்பதையும் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

ஜாமீன் கிடைத்தபின்னும் ஆள் வெளியே வராமல் கிடப்பது கூடலூர், பந்தலூர்ப் பக்கம் பழைய துன்பம். ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் நிலம் யாருக்கு என்ற ஜென்ம நிலச் சிக்கலால் தலைமுறையாகக் குடியிருப்பவர்களிடமும் பட்டா இருப்பதில்லை. ஜாமீன்தாரரின் சொத்துக்குச் சான்று கேட்டால் கையை விரிக்க வேண்டியிருக்கிறது. 1978-இல் மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்தில் இருக்கிறார் என்பதற்காக அண்ணன் தம்பியின் ஜாமீனை மறுத்ததை நீதிபதி கிருஷ்ணய்யர் கண்டித்தார். ஏழைக்கு எட்டாத தொகையைக் கேட்பதையும் கண்டித்தார். ஒரு மாதத்துக்குள் ஜாமீன்தாரரைக் கொண்டுவர முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றம் தானாகவே பரிசீலிக்கலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. இந்த இரண்டையும் சொல்லித் திருத்த மனுப் போடலாம். தினமும் காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை கீழ்க்கோத்தகிரியில் உள்ள ஒரு தொழிலாளியின் கூலியையே அழித்துவிடும்; வீட்டுக்கு அருகில் உள்ள நிலையத்துக்கு மாற்றக் கேளுங்கள்.

குண்டர் தடுப்புச் சட்டம் என்று வழங்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டத்தில் ஆட்சியர் உத்தரவிட்டால் ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். ஜாமீன் அங்கே பயன்படாது. உத்தரவு நகல் கிடைத்த அன்றே ஆட்சேப மனுவை எழுதுங்கள்; ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றத்தில்.

அடையாள அணிவகுப்பும் கைப்பற்றலும்

முன்பின் தெரியாதவர் என்று புகாரில் இருந்தால் சிறையில் நடுவர் முன்னிலையில் அடையாள அணிவகுப்பு நடக்கும். அதற்கு முன்பே காவல் நிலையத்தில் புகார்தாரருக்கு முகத்தைக் காட்டினார்கள் என்றாலோ, படம் வாட்ஸ்அப்பில் சுற்றியது என்றாலோ, அணிவகுப்புத் தொடங்குவதற்கு முன் நடுவரிடம் சொல்லிப் பதியச் செய்ய வேண்டும். அணிவகுப்பு தனியாக ஒரு சாட்சியம் ஆகாது. நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதற்கு வலுச்சேர்ப்பது மட்டுமே அதன் வேலை.

மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கி, மங்கி குல்லாவும் மப்ளரும் போட்ட ஊரில், எத்தனை அடி தூரத்திலிருந்து, எத்தனை நொடி, எந்த விளக்கொளியில் முகத்தைப் பார்த்தார் என்பதே குறுக்கு விசாரணையின் உயிர். அந்தத் தெருவிளக்கு அன்று எரிந்ததா என்று பேரூராட்சியிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுவைக்கலாம். அதே பனியைக் காட்டி 'இரவு நெடுஞ்சாலை' என்று பதினான்கு ஆண்டுப் பகுதியைச் சேர்க்க முடியாது என்பதும் கவனத்துக்குரியது. சட்டம் இருட்டைப் பார்ப்பதில்லை, சூரியன் மறைந்ததையே பார்க்கிறது. எஸ்டேட்டின் உள்பாதை நெடுஞ்சாலை ஆகுமா என்பதும் வாதத்துக்குரியதே.

காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. அதன்வழி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேராகத் தொடர்புடைய சொற்கள் மட்டும் ஏற்கப்படும். குண்டூர்ப் பக்கத்து வழக்கான புலுக்குரி கோட்டய்யாவில் 1946-இல், பிரிட்டிஷ் ஆட்சியின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வகுத்த இந்த எல்லை, பி.எஸ்.ஏ. 23-ஆம் பிரிவிலும் தொடர்கிறது. 'நான் சங்கிலியை அறுத்து, இன்ன கடையில் அடகு வைத்தேன்' என்பதில் அடகு வைத்த பகுதிதான் உள்ளே வரும், அறுத்த பகுதி வராது. முழு வாக்குமூலத்தையும் சான்றாவணமாகக் குறிக்க முயன்றால் உங்கள் வக்கீல் அங்கேயே ஆட்சேபிக்க வேண்டும்.

பொருளைக் கைப்பற்றியபோது எழுதிய பறிமுதல் மகஜரைப் புகாரோடு வைத்துப் படியுங்கள். புகாரில் மூன்று பவுன், அதாவது 24 கிராம். மகஜரில் 19 கிராம், அதுவும் கொக்கி உடையாத சங்கிலி. அறுத்துப் பறித்தது என்றால் அறுந்த இடம் எங்கே என்று கேட்கலாம் அல்லவா? கைப்பற்றலை ஒலி ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-ஆம் பிரிவு இப்போது கட்டாயமாக்கியிருப்பதால், பதிவின் நகலைக் கேளுங்கள். மகஜர் சாட்சியாகக் கையெழுத்திட்ட கிராம நிர்வாக அலுவலர் அன்று அந்த நேரத்தில் வேறெங்காவது பணியில் இருந்தாரா என்பதும் பார்க்க வேண்டிய ஒன்று.

பலர் சேர்ந்த வழக்கில் கத்தி ஒருவர் கையில்தான் இருந்தது என்றால், 311-ஆம் பிரிவின் ஏழாண்டு அவரை மட்டுமே சேரும். வண்டி ஓட்டியவருக்கும் அதைச் சேர்க்கக் கூடாது என்பது பழைய 397-இலிருந்தே வரும் நிலைப்பாடு. ஆனால் கத்தியைக் குத்தத்தான் வேண்டும் என்பதில்லை, தெரியும்படி காட்டினாலே 'பயன்படுத்தியது' ஆகிவிடும்.

விசாரணையும் அதன்பின்னும்

'ஒத்துக்கொண்டால் லேசாக விட்டுவிடுவார்கள்' என்று சிறையிலும் வராந்தாவிலும் யாராவது சொல்வார்கள். ஏழாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குத் தண்டனைப் பேரம் பேசும் நடைமுறையே இல்லை. எனவே வழிப்பறிக்கு அது பொருந்தாது. குற்றப்பத்திரிகை நகல்கள் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள், விசாரணை தொடங்கும் முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரும் விடுவிப்பு மனுப் போடலாம். பிரிவைக் குறைக்கும் வாதத்துக்கும் அதுவே முதல் இடம். சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி நேராகக் கேள்வி கேட்பார். அப்போது 'பொய்' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடாமல், செக்ரோலையும் இ-பாஸையும் பற்றிச் சொல்ல வேண்டியதை எழுத்தாகவே கொடுக்கலாம்.

தண்டனை வந்தால் தீர்ப்பு நகல் கட்டணமின்றிக் கிடைக்கும். நடுவர் விதித்த தண்டனைக்கு எதிராக 30 நாளுக்குள் உதகை அமர்வு நீதிமன்றத்திலும், அமர்வு நீதிமன்றம் விதித்ததற்கு 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்திலும் மேல்முறையீடு செய்ய வேண்டும். உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் வழியாகவே அந்த மனுவை அனுப்பலாம். கூடவே தண்டனையை நிறுத்தி வைக்கக் கோரும் மனுவையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.